உதிராத இலைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

தினமும் போனில் பேசினாலும் சில விஷயங்கள் வாயில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. கம்பெனியை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். போன வாரம் அறையையும் காலி செய்துவிட்டு நண்பன் வீட்டு மாடிக்கு வந்தேன். ஆறு வருஷம் வாழ்ந்தது இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, கவலைப்படாதே. குளிர்தான் கடுமை, நாலரைக்கே இருட்டிவிடுகிறது.

அப்பா போன அன்று விசா புதுப்பிப்பில் இருந்ததால் என்னால் கிளம்ப முடியவில்லை. "எல்லாத்தையும் அவன் கையில விட்டுட்டேன்பா" என்றாய் நீ. எனக்குக் கோபம் வந்தது அம்மா. இவளால் எப்படி இவ்வளவு சீக்கிரம் விட முடிகிறது என்று நினைத்தேன். அன்று சொல்லாமல் மறைத்ததை இன்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே வரிசையாக மரங்கள். இலையைக் காற்றுதான் பறித்துக்கொண்டு போகிறது என்று நினைத்திருந்தேன். பகல் குறையத் தொடங்கியதுமே மரம் இலையில் இருக்கும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறதாம். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று தளர்ந்துகொண்டே வரும். அதற்கு அடியில் தக்கை வளர்ந்து காயத்தை மூடும். காற்று வருவது கடைசியில். நேற்று ஒரு கிளையைக் கண்ணருகே வளைத்துப் பார்த்தேன். இலை இருந்த இடத்தில் லாடம் போல ஒரு தழும்பு, அதற்குள் ஊசியால் குத்தினாற்போலப் புள்ளிகள். சத்து ஓடிய குழாய்களின் வாய் அவை. சற்று மேலே இறுக மூடிய மொட்டு. இலை விழுவதற்கு முன்பே அது அங்கே வந்துவிடுமாம்.

அங்கேயே நின்றுவிட்டேன். நீயும் ஒரே நாளில் விடவில்லையே. அப்பா படுத்திருந்த 14 மாதமும் ராத்திரியெல்லாம் அவர் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாய். மருந்து கொடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நான் கேட்டது கடைசி நாளின் ஒரு வாக்கியத்தை மட்டும்.

ரமணர் 16 வயதில், 1896இல், வீட்டை விட்டுப் போனார். 1898இல் அவருடைய தாய் அழகம்மாள் திருவண்ணாமலைக்கே தேடி வந்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்காக அழுதார். நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது எப்படித் தடுத்தாலும் நிற்காது என்று மகன் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். முன்பெல்லாம் அந்த மகனைத்தான் நினைப்பேன். இப்போது அந்தக் காகிதத்தோடு திரும்பிப் போன தாயை நினைக்கிறேன். எழுதியவருக்கு அது தெளிவாக இருந்திருக்கும். அழகம்மாள் அதைச் சுமந்துகொண்டு வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது. 1916இல் அவர் மகனிடமே வந்து தங்கினார், 1922இல் மகன் கை தன் மேல் இருக்க உயிர்விட்டார். நடுவில் போன அத்தனை வருஷத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கைவிட்டுப் போனதை ஏற்றுக்கொள்வது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாகாது என்று இப்போது நம்புகிறேன். விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வருவது என் கையில் இல்லை. அனுப்பிய பிறகு தூங்க முடிகிறது, அதுவே எனக்குப் புதிது.

வரிசையின் ஓரத்தில் ஒரு ஓக் மரம் இருக்கிறது. மற்றதெல்லாம் மொட்டையாகிவிட்டது, இது மட்டும் காய்ந்த இலைகளை விடாமல் பிடித்திருக்கிறது. ஓக் மரங்களில் சில இப்படித்தானாம், வசந்தத்தில் புது மொட்டு பருக்கும்போதுதான் பழையதை விடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நான் வரும்வரை அப்பாவின் சட்டைகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உன்னிடம் சண்டை போட்டேன் அல்லவா? கொடுத்துவிடு அம்மா. தேவைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அந்தக் கட்டம்போட்ட நீலச் சட்டை மட்டும் இருக்கட்டும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

உன் அன்பு மகன்