அக்கா தண்ணிக்குள்ள போயிட்டா, நீ எப்ப வர்ற?

ஏய் எப்படிடி இருக்க,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவமா இருப்ப. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சதும்தான் நிம்மதியா இருந்துச்சு, நடக்க ஆரம்பிச்சிட்டாங்களான்னு எழுது. பொண்ணுக்குப் புது வேலை பிடிச்சிருக்கா? நான் ஊர்ல இல்ல, அதான் லேட்டு. அக்காவையும் பையனையும் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் தீவுக்குப் போயிருந்தேன், ஸ்கூபா டைவிங்குக்கு. ஆமா, மறுபடியும், ஏழு வருஷம் கழிச்சு.

இத உங்கிட்ட எப்படி சொல்றதுன்னு யோசிச்சே பாதி நாள் போச்சு. டைவிங்னாலே உனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வரும்னு தெரியும், எனக்கும் அதேதான். நாம ரெண்டு பேரும் டைவிங் கத்துக்கப் போன கோர்ஸ்ல, கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க்குக்குள்ள தண்ணி விட்டு வெளியேத்துற பயிற்சி, உனக்கு மூக்குல தண்ணி ஏறிடுச்சு, அலறியடிச்சு மேல போயிட்ட, படகுல உக்காந்து இருமிக்கிட்டே நீ போடி நான் இங்கயே இருக்கேன்னு சொன்ன, நானும் போயிட்டேன். கோர்ஸ முடிச்சு, டைவிங் தெரியும்னு குடுக்கற கார்டும் வாங்கிட்டேன். திரும்பி வந்தப்ப துண்டப் போத்திக்கிட்டு நீ கடலையே பாத்துக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் எப்ப பேச்சு வந்தாலும் "நமக்கெல்லாம் அது சரிப்படாதுடி"ன்னு முடிச்சிடுவ, நானும் சரின்னு விட்டுட்டேன். அது தப்புன்னு இப்பதான் புரியுது, ஏன்னா அக்காவுக்கு எப்படி சொல்லிக் குடுத்தாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்துட்டேன்.

அக்காவுக்கு இப்ப 56 வயசு, நீச்சல் தெரியாது. ரூம்ல உக்காந்து புக் படிக்கிறேன்னு சொல்லித்தான் கூட வந்தா. அங்க ஒரு இன்ஸ்ட்ரக்டர் பொண்ணு, முப்பது வயசு இருக்கும், சும்மா இடுப்பளவு தண்ணி வரைக்கும் வாங்க, பிடிக்கலன்னா போயிடலாம்னு கூப்பிட்டா. மொத நாள் முதுகுல மாட்டுற காத்து டேங்க்கே கிடையாது, மாஸ்க்கும் ஸ்நார்க்கெல்ங்கற மூச்சுக் குழாயும் மட்டும்தான், மூஞ்சிய தண்ணில வச்சு மூச்சு விடு, அவ்வளவுதான். ரெண்டாவது நாள் மாஸ்க்கக் கழட்டச் சொன்னா. டேங்க்லருந்து காத்து குடுக்கற ரெகுலேட்டர் வாயில, மாஸ்க் இல்ல, முழங்காலப் போட்டு உக்காந்து தலைய தண்ணிக்குள்ள வச்சு ஒரு நிமிஷம் வாயால மட்டும் மூச்சு இழுத்து விடணும். அக்கா ஒரு அஞ்சாறு தடவ எழுந்துட்டா. அந்தப் பொண்ணு ஒரு தடவ கூட முகம் சுளிக்கல, அவசரமே இல்லன்னு சொல்லிட்டு அவளும் கூடவே மாஸ்க்கக் கழட்டிட்டு உக்காந்தா.

ஏன் இப்படின்னு அப்புறம் கேட்டேன். மாஸ்க்குல தண்ணி வந்தா மேல் விளிம்ப அழுத்திக்கிட்டு தலையத் தூக்கி மூக்கால ஊதணும், காத்து உள்ள போகப் போக தண்ணி கீழ வழியா வெளிய போயிடும். ஆனா பயந்தா நம்ம உடம்பு நேர்மாறா மூக்கால இழுக்குமாம், அப்பதான் தண்ணி ஏறும். வாய் ஒரு வேலை பாக்கும்போது மூக்கு சும்மா இருக்கணும்னு உடம்புக்குப் பழகணும், அது சிலருக்கு பத்து நிமிஷம், சிலருக்கு ரெண்டு நாள்னு சொன்னா. இதக் கேட்டதும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சுடி. அன்னைக்கு நாம எட்டு பேர், சொல்லிக்குடுக்க ஒரே ஆள், ஆழமில்லாத தண்ணில பழக்காம நேரா படகுலருந்து இறக்கிட்டாங்க, உனக்குக் குடுத்த மாஸ்க் வேற லூசு, நீ ரெண்டு தடவ சொன்ன, ஸ்ட்ராப்ப இறுக்குனாங்களே தவிர மாத்தித் தரல. உனக்கு சரிப்படலன்னு இத்தன வருஷம் நெனச்சிக்கிட்டு இருக்கியே, உனக்கு ஒழுங்கா சொல்லித்தரல, அதுதான் நடந்துச்சு.

இன்னொன்னு, அன்னைக்கு ஆழம் மூணு நாலு மீட்டர்தான், அதுல கூட முடியலயேன்னு சொல்லிச் சொல்லி அழுத, ஞாபகம் இருக்கா? அந்த மேல இருக்கிற பத்து மீட்டர்தான் உடம்புக்கு இருக்கறதுலயே கஷ்டமான இடம். கரையில நமக்கு மேல ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம், பத்து மீட்டர் இறங்குனா ரெண்டு, அதாவது காதுக்குள்ள இருக்கிற காத்து பாதியாச் சுருங்கிடும். அதுக்கப்புறம் இன்னொரு பத்து மீட்டர் போனா பாதிலருந்து மூணுல ஒரு பங்கு, மாற்றம் கம்மி. அதனாலதான் மொத சில மீட்டர்லயே காது வலிக்குது, மூக்கப் பிடிச்சு மெதுவா ஊதி ஈக்வலைஸ், அதாவது காதுக்குள்ள அழுத்தத்த சமமாக்கி, பண்ணிக்கிட்டே இறங்கணும், வலி வர்றதுக்கு முன்னாடியே பண்ணணும், வலிச்சா நின்னு கொஞ்சம் மேல ஏறணும். மேல வரும்போது அதே காத்து விரியும், மூச்சப் பிடிச்சிக்கிட்டு வந்தா நுரையீரல் கிழிஞ்சு போற அளவுக்குக் கூட ஆகலாம், அதான் தண்ணிக்குள்ள எப்பவும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும்னு அத்தன தடவ சொல்றாங்க. நீ அன்னைக்கு சும்மா மேல வந்துட்டேன்னு நெனச்சோம், ஆபத்து தெரியாமலே தப்பிச்சிருக்க.

என் கதைய சொல்றேன். கார்டுக்கு காலாவதி கிடையாது, ஆனா ஏழு வருஷம் ஆனதால என்னையும் ஒரு நாள் ரெஃப்ரெஷர் பண்ணச் சொன்னாங்க, மெதக்க உதவுற பிசிடிங்கற சட்டைல காத்து ஏத்துறது, கூட வர்றவரோட ரெகுலேட்டர வாங்கி மூச்சு விடறது எல்லாம் மொதல்லருந்து. அதுல எனக்கு வருத்தமே இல்ல, உண்மையிலயே நெறய மறந்துதான் போயிருந்துச்சு. டைவிங்ல கட்டை விரலத் தூக்குனா சூப்பர்னு அர்த்தம் இல்ல, மேல போலாம்னு அர்த்தம், விரலால வட்டம் போட்டாதான் ஓகே. இதக் கூட மறந்துட்டு நான் கட்டை விரலக் காட்ட, கூட வந்தவர் பாவம் என்னக் கூட்டிக்கிட்டு மேல வந்துட்டார்.

பையன் அட்வான்ஸ்டு கோர்ஸ் பண்ணுனான், 19 வயசு, அவனுக்கு ஆழம்தான் எல்லாம். ஓபன் வாட்டர்ங்கற மொத கார்டு வச்சிருந்தா 18 மீட்டர், அட்வான்ஸ்டுன்னா 30, பொழுதுபோக்கு டைவிங்ல கடைசி எல்லை 40. கார்டே இல்லாம மொத தடவ இன்ஸ்ட்ரக்டரோட இறங்குறவங்களுக்கு 12 மீட்டர் வரைக்கும். ஒரே படகுல நாங்க மூணு பேரும் மூணு நெலமைல இருந்தோம், ஆனா போன இடம் ஒண்ணுதான், தெரியுமா? அந்த பவளப்பாறை தண்ணி மட்டத்துக்குக் கீழ நாலு அஞ்சு மீட்டர்ல ஆரம்பிச்சு சரிவா 30 மீட்டர் வரைக்கும் இறங்குது. பையன் கீழ, நான் நடுவுல, அக்கா உச்சியில.

நாலாவது நாள் சாயங்காலம் மூணு பேரும் லாக்புக், அதான் டைவ் குறிப்பேடு, எழுத உக்காந்தோம். பையன் 28 மீட்டர், கீழ இருந்தது மொத்தம் 18 நிமிஷம். ஏன்னா அந்த ஆழத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் மேல இழுக்கற மாதிரி கிட்டத்தட்ட நாலு மடங்கு காத்து செலவாகும், நைட்ரஜனும் உடம்புல சீக்கிரம் சேரும், கைல கட்டியிருக்கிற டைவ் கம்ப்யூட்டர் ஏறு ஏறுன்னு சொல்லிடும். கலரும் இல்ல, சிவப்பு மொத சில மீட்டர்லயே மங்க ஆரம்பிச்சிடும், கீழ எல்லாம் நீலமும் சாம்பலும், டார்ச் அடிச்சாதான் பவளம் சிவப்புன்னே தெரியும். அக்கா 6 மீட்டர், 47 நிமிஷம். வெயில் அப்படியே உள்ள இறங்கி மணல்ல ஆடுமே, அந்த வெளிச்சத்துல எல்லா கலரும் பாத்துட்டு வந்திருக்கா. கடல் சாமந்திக்குள்ள கோமாளி மீன் குடும்பம், அதுல இருக்கறதுலயே பெருசுதான் பொம்பளையாம், அது செத்துப்போனா அடுத்து இருக்கிற ஆண் பொம்பளையா மாறிடுமாம், அக்கா இத எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா. கிளிமீன் பவளத்தக் கடிக்கிற சத்தம் கறுக் கறுக்னு கேட்டுச்சாம், அது தின்னு வெளியேத்துறதுதான் அந்தக் கரையில இருக்கிற வெள்ளை மணல்ல ஒரு பெரிய பங்குன்னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னதும் மணல ஒரு கை அள்ளி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

பையன் அவ லாக்புக்க வாங்கிப் படிச்சிட்டு, பெரியம்மா நாளைக்கு நான் உங்க கூட வரட்டுமான்னு கேட்டான். ஆழத்துக்கும் ஒரு அழகு இருக்கு, இல்லன்னு சொல்லல, அந்த நீலத்துக்குள்ள எட்டிப் பாக்கறப்ப உடம்பு சிலிர்க்கும், அவன் ஒரு பெரிய திருக்கைய பாத்தான். ஆனா ஆழமாப் போறவன்தான் டைவர், மேல இருக்கறவங்க கத்துக்குட்டின்னு ஒரு நெனப்பு நமக்கு எப்படியோ வந்துடுச்சு, அது சுத்தமா தப்பு. எவ்வளவு அமைதியா மெதக்கறோம்கறதுதான் விஷயம். மூச்ச இழுத்தா கொஞ்சம் மேல எழும்புவோம், விட்டா இறங்குவோம், கைய ஆட்ட வேணாம், காலாலயும் கொஞ்சமாத்தான். அது கைகூடுன நிமிஷம் அக்கா கண்ணு மாஸ்க்குக்குள்ள எவ்ளோ பெருசாச்சுன்னு நான் பாத்தேன். கடைசி ரெண்டு நாள் நான் அவளோடதான் இருந்தேன்.

மெதக்கறது ஏன் முக்கியம்னா இன்னொரு காரணமும் இருக்கு, பவளம் உயிருள்ளது, பாறை மாதிரி கட்டி கட்டியா வளர்ற வகை வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒருத்தர் கால்ல மாட்டுற ஃபின் பட்டு உடஞ்சா போனது போனதுதான். அதனால அந்தப் பொண்ணு அக்காவ மொதல்ல மணல் மேலயே வச்சிருந்தா, மெதந்து நிக்கக் கத்துக்கிட்ட அப்புறம்தான் பவளம் பக்கத்துல விட்டா. கைய வச்சுப் பிடிக்க எதுவுமே இல்லாத இடத்துல பழகுனது அவளுக்கும் நல்லதாப் போச்சு. சன்ஸ்கிரீன் கூட வேணாம், முழுக்கை டிரெஸ் போட்டுக்கோங்கன்னுட்டாங்க, பலாவ்ங்கற பசிபிக் தீவு நாட்டுல 2020லயே பவளத்தக் கெடுக்கற கெமிக்கல் இருக்கிற சன்ஸ்கிரீனத் தடை பண்ணிட்டாங்களாம்.

ஆனா ஒரு இடத்துல எனக்குத் தொண்டை அடச்சிடுச்சு. சரிவுல ஒரு பக்கம் பவளம் மொத்தமும் வெளுத்துப் போய் நின்னுச்சு. கடல் சூடு வழக்கமான கோடைய விட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்னாலே பவளம் தனக்குள்ள இருக்கிற பாசிய வெளிய தள்ளிடுது, அந்தப் பாசிதான் அதுக்கு சோறு, கலரும் அதுதான். 2024 ஏப்ரல்ல உலகம் முழுக்க நாலாவது தடவ இது நடக்குதுன்னு அறிவிச்சாங்கல்ல, அத செய்தில படிச்சிட்டுப் போயிட்டேன். நேர்ல அந்த வெள்ளையப் பாத்தா அப்படிப் போக முடியலடி. வெளுத்ததெல்லாம் செத்ததில்ல, சூடு குறஞ்சா சிலது திரும்பி வரும்னு சொன்னாங்க, அத நம்பிக்கிட்டுதான் மேல வந்தேன். நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் இது இருக்குமான்னு தெரியல, அதனாலயும்தான் உன்ன அவசரப்படுத்தறேன்.

சரி, நீ கேக்கப் போறதுக்கெல்லாம் பதில். நீச்சல் தெரியாதேன்னு சொல்லுவ, மொத தடவ இறங்கிப் பாக்கறதுக்கு நீச்சல் டெஸ்ட் கிடையாது, ஆனா கார்டு வாங்கற கோர்ஸுன்னா 200 மீட்டர் நீந்தணும் பத்து நிமிஷம் மெதக்கணும், அத அப்புறம் பாத்துக்கலாம். டேங்க்ல ஆக்சிஜன்னு நெனச்சிட்டிருப்ப, இல்ல, நாம சுவாசிக்கிற இதே காத்துதான், அழுத்தி நிரப்பியிருக்காங்க. மெடிக்கல் ஃபாரம் ஒண்ணு தருவாங்க, அதுல உண்மைய மட்டும் எழுது, ஆஸ்துமா, காது, பிரஷர் எது இருந்தாலும் மறைக்காத, டாக்டர் கையெழுத்து வேணும்னா வாங்கிக்கலாம். உனக்கு அடிக்கடி சைனஸ் வருதே, அதனால இப்பவே ஒரு ஈஎன்டி டாக்டரப் பாத்துடு, மூக்கடைப்போட இறங்கவே கூடாது. கடைசி நாள் டைவ் கிடையாது, ரெண்டு மூணு டைவ் பண்ணினப்புறம் குறஞ்சது 18 மணி நேரம் ஃபிளைட் ஏறக்கூடாது, உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளிய போகணும். அன்னைக்கு முழுக்க நாம உக்காந்து பேசலாம், நமக்குப் பேச எவ்ளோ பாக்கி இருக்கு.

இடம் தேடும்போது நான் கேக்கப் போற கேள்வி ஒண்ணுதான், மொத தடவ வர்றவங்களுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேர்னு. ரெண்டு பேருக்கு மேலன்னா வேற இடம் பாப்பேன். நீ இடுப்பளவு தண்ணில ஒரு வாரம் நின்னாலும் நானும் நிப்பேன், கீழ போகணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்ல, இந்த தடவ உன்ன படகுல விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்.

ஒரு வேலை மட்டும் நீ பண்ணு. மாஸ்க் அங்க போய் வாடகைக்கு வேணாம், உன்னோடது ஒண்ணு வாங்கிடு. கடையில ஸ்ட்ராப்பப் போடாம முகத்துல வச்சு, முடி எல்லாம் ஒதுக்கிட்டு, மூக்கால லேசா இழுத்துக்கிட்டு கைய எடு. கீழ விழாம ஒட்டிக்கிட்டு நின்னா அதுதான் உன்னோடது. நின்னுச்சுன்னா ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, நான் லீவுக்கு எழுதிக் குடுத்துடறேன்.

அம்மாவக் கேட்டேன்னு சொல்லு.

உன் பழைய ரூம்மேட்