கண்மாய்க் கூடுகளுக்கு இன்னும் 3,25,000 ரூபாய் வேண்டும்

சிவமயம்

உள்ளூரிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பெருமக்களுக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் கண்மாய்ப் பராமரிப்புக் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆவணி முடிய இருபது நாள் இருக்கிறது. புரட்டாசிக்குள் மண் வேலை முடியாவிட்டால், ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய்க்குள் ஜேசிபி இறங்காது. கண்மாயில் கூடு கட்டும் நாரைகளுக்குத் திட்டும் மரமும் அமைத்து, மடையையும் சரிசெய்யத் தேவை 8,60,000 ரூபாய். கையில் இருப்பது 5,35,000.

இந்தக் கரையில் ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் நம் ஐயாக்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, கப்பல் ஏறினார்கள். மூன்று ஆண்டுத் தவணை முடிந்து ரங்கூனிலிருந்து திரும்பியபோது பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலிப் பளிங்கு வந்தது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைக் குழைத்துச் சுவர் பூசினார்கள். இன்றும் அந்தச் சுவரில் முகம் தெரிகிறது. அதே பெரியவர்கள்தான் ஊருணி வெட்டினார்கள், மடை கட்டினார்கள், கண்மாய்க்குள் நாட்டுக்கருவேல் வளர்த்தார்கள், கூடு இருக்கும் மரத்தில் அரிவாள் படக்கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். இத்தனை முட்டையைச் சுவரில் பூசிய ஊருக்கு, மரத்தில் இருக்கும் முட்டைக்கும் கொஞ்சம் கடன் உண்டு என்கிறார் பொருளாளர். எழுதச் சொல்லவில்லை, எழுதிவிட்டோம்.

அந்த மரங்களில் பாதி இன்று இல்லை. சீமைக்கருவேலத்தை அகற்ற வந்த இயந்திரம் நாட்டுக்கருவேலையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போனது. மிச்சத்தை விறகுக்கு வெட்டியவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

நத்தைக்குத்தி நாரை நீருக்கு நடுவே நிற்கும் மரத்தைத்தான் தேடும். கீழே தண்ணீர் கிடந்தால் நாயும் நரியும் கூட்டை நெருங்காது. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும். உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். ஆனால் தூர்ந்துபோன நம் கண்மாய், குஞ்சுகள் பறக்கும் முன்பே வற்றிவிடுகிறது. சென்ற தை மாதம் கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை நாய்கள் இழுத்துப் போனதைக் கரையில் நின்று பார்த்தோம்.

ஆடி மாதக் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெங்குவின் படம் போட்டுக் காட்டியபோது, பனிக்கட்டிப் பறவைக்கும் நம் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. அண்டார்டிகாவின் அடேலி பெங்குவின் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக அலகில் கொண்டுவந்து மேடு கட்டுகிறது. பனி உருகி ஓடும் நீர் முட்டையைத் தொடாமல் இருக்கத்தான் அந்த மேடு. அடுத்த வீட்டுக் கல்லைத் திருடுவதும் உண்டு. வரப்பு வெட்டும் நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். பேரரசப் பெங்குவினுக்குக் கூடே கிடையாது. முட்டையைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். தந்தை அதைக் காலின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, 65 நாள் வரை பட்டினியோடு நிற்கும். நம் வீடுகளில் ஐயா பர்மாவில் இருக்க, ஆயா (பாட்டி) வீட்டையும் பிள்ளைகளையும் காத்தார்; அங்கே ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

நெஞ்சைத் தைத்தது தென்னாப்பிரிக்கப் பெங்குவின் கதை. தலைமுறை தலைமுறையாகக் குவிந்து இறுகிய எச்சத்தில் வளை தோண்டி அவை குஞ்சு பொரித்து வந்தன. 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் அதை உரத்துக்காகச் சுரண்டிக் கப்பல் கப்பலாக ஏற்றிவிட்டார்கள். வளை போனதால் முட்டை வெயிலில் கிடந்தது. இன்று அதே மனிதக் கூட்டம் செயற்கைக் கூடுகள் செய்து வைத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு செலவில்லை. மண்ணும் மரமும் போதும்.

தூர் வாரி வரும் மண்ணைக் கொண்டு கண்மாய்க்குள் 12 திட்டுகள் அமைக்க, திட்டுக்கு 38,000 வீதம் 4,56,000. நாட்டுக்கருவேல் கன்று 600, கூண்டோடு 1,50,000. மடை பழுது 1,74,000. பத்து மாதத்துக்குக் காவலாள் சம்பளம் 80,000. அனுமதி வாங்கியாகிவிட்டது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எங்கள் கைகள் கூப்பியே இருக்கின்றன. மணமான தம்பதி ஒரு புள்ளி என்பது நம் கணக்கு. 212 புள்ளிகளில் 82 புள்ளிகள் தலைக்கு 2,500 கட்டியிருக்கிறார்கள். துணையை இழந்த அரைப்புள்ளிக்குப் பாதி போதும் என்றோம். கேட்காமல் முழுப் புள்ளியாகக் கட்டினார் தெற்குத் தெரு ஆச்சி. பேரன் காதுகுத்து விருந்தைச் சுருக்கி ஒரு லட்சம் அனுப்பிய மலேசியாக் குடும்பத்தார், பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். விவசாயிகள் வீட்டுக்கு இரண்டு நாள் உழைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொட்டியபோது எண்ணி முடிக்க ஒரு மாலை ஆயிற்று. ஐயனார் எல்லோரையும் குறைவில்லாமல் வைப்பார்.

மீதி 130 புள்ளிகள். அவர்கள் கட்டினால் சரியாக 3,25,000. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நாம் வெடியை விடச் சொல்லவில்லை. வெடிக் காசில் பாதியைக் கேட்கிறோம்.

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து முதல் ஏழு வரை நகர விடுதியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். ஆவணிக் கடைசி நாளில் கட்டியவர் பட்டியல் சிவன் கோயில் வாசலில் ஒட்டப்படும். கட்டாதவர் பட்டியல் ஒட்டப்படாது. மற்றதைப் படித்தால் தானே தெரிந்துவிடும்.

பின்குறிப்பு: மடை அருகே கிடந்த கருவேலக் கட்டைகள் இரண்டைக் காணவில்லை. எடுத்தவர் அவற்றைத் திருப்பித் தர வேண்டாம். கன்று நான்கின் விலையாக 1,000 ரூபாய் கட்டிவிட்டால் ரசீதில் பேர் எழுதாமல் கொடுக்கிறோம்.