உன் ராஜா எதை எரிக்கிறான்?

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். அப்பாவும் படித்தார், சண்டைக் காட்சி பிடித்ததாம். எனக்கு உறுத்தியது அந்த ராஜாதான். அவன் அரியணையில் ஏறினதுமே காடு தானாகக் கருகுகிறது, ஆறு தானாக வற்றுகிறது. மரத்தை வெட்டியது யார்? தண்ணீர் எங்கே போனது? புவியியல் நடத்தியே பழகியவளுக்குச் சிவப்புப் பேனாவைத் தேடத் தோன்றியது.

கதையில் இதெல்லாம் சகஜம் என்பாய். சரிதான். மன்னன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். நார்னியா என்கிற சிறுவர் கதையில் வரும் வெள்ளைச் சூனியக்காரி நூறு வருஷம் பனிக்காலத்தை நிறுத்தி வைக்கிறாள், கிறிஸ்துமஸ் மட்டும் வராது. குழந்தைகளுக்கு அது போதும்.

நீ பெரியவர்களுக்கு எழுதுகிறாய். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை மறுபடி எடுத்துப் பார். சாருமான் மந்திரவாதிதான், ஆனால் தன் கோட்டையான ஐசன்கார்டை மந்திரம் போட்டா பாழாக்குகிறான்? சோலையாக இருந்த இடத்தில் கல் பாவுகிறான், தரையைக் குடைந்து உலை வைக்கிறான். உலைக்கு விறகு வேண்டுமே, பக்கத்து ஃபாங்கார்ன் காட்டுக்குள் கோடரி நுழைகிறது. மரம் மேய்க்கும் எண்ட்டுகள் பொறுக்க மாட்டாமல் கிளம்பிவந்து, ஆற்றையே உள்ளே திருப்பிவிடுகிறார்கள். அவன் தோற்பதற்கான காரணம் அவன் வெட்டின மரத்திலேயே இருக்கிறது.

அந்தக் கதையின் பெரிய வில்லன் ஆளும் மோர்டோர்கூட முழுக்கச் சாம்பல்காடு கிடையாது, தெரியுமா? தெற்கே நூர்னென் ஏரிப் பக்கம் அடிமைகள் பாடுபடும் பெரிய பெரிய வயல்கள். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார் மனிதர். அவ்வளவு பெரிய படை எதைத் தின்றது என்று எனக்கு இருந்த சந்தேகம் அங்கேதான் தீர்ந்தது. போர் முடிந்ததும் புது ராஜா அரகோர்ன் அந்த நிலத்தை அந்த அடிமைகளுக்கே கொடுத்துவிடுகிறான். என்னைக் கேட்டால், முடிசூட்டு விழாவைவிட அதுதான் பெரிய காட்சி.

டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். நாவலில் நீருக்கடியில் பிணமுகங்கள் தெரியும் ஒரு சதுப்பு நிலம் வருமே, அது சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். மண்ணை மனிதன் என்ன பாடுபடுத்துவான் என்று கண்ணால் பார்த்தவர்.

அதனால் கருகின காட்டை அப்படியே வைத்துக்கொள், அதற்கு முன்னால் ஒரு விறகு வண்டியை ஓட்டு. ராஜா பக்கத்தில் ஒரு மந்திரி வெறுமனே நிற்கிறானே, அவன் கையில் மரக் கணக்கைக் கொடு. இன்று எத்தனை விழுந்தது, எந்த ஊர் ஆளைக் கூட்டிவந்தார்கள், கூலி உண்டா இல்லையா என்று அவன் வாசிக்கட்டும். திருத்தி எழுதினதும் அனுப்பு.

அம்மா