பிராசஸர் விக்கிற அண்ணன்களே, முதல்ல மதர்போர்டு பேரைக் கேளுங்க

ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில இருக்குற சின்ன கடை வரைக்கும், பிராசஸர் விக்கிற எல்லா அண்ணன்களுக்கும் வணக்கம். சண்டை போட வரல, ஒரே ஒரு விஷயம்தான் கேக்கணும், கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பெரும்பாலும் 8வது ஜெனரேஷன், ஏஎம்டினா ரைசன் 2000 சீரிஸாவது வேணுங்கறாங்க. ராம் விக்கிற விலைக்கு மொத்த சிஸ்டத்தையும் புதுசா வாங்கறது ஆகுற காரியமா? அதனால பழைய சிஸ்டம் வச்சிருக்கறவன் எல்லாம் உங்ககிட்ட வந்து "அண்ணே, பிராசஸர் மட்டும் மாத்திக்கலாமா"னு கேக்குறான். நீங்க பதிலுக்கு "என்ன சாக்கெட்டு, 1151ஆ, அப்ப தாராளமா போடலாம் தம்பி"ங்கறீங்க பாருங்க, வில்லங்கம் அங்கதான் ஆரம்பிக்குது.

மதர்போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம்தான் சாக்கெட்டு, அதுல 1151ங்கற ஒரே பேர்ல ரெண்டு குடும்பம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? எச்110, பி250 மாதிரி இன்டெல் போர்டெல்லாம் 6வது, 7வது ஜெனரேஷனுக்கு. 2017 அக்டோபர்ல 8வது வந்தப்போ அதே 1151 சாக்கெட்டை வச்சுக்கிட்டே பின்னுகளோட வேலையை மாத்திட்டு, இன்டெல்லோட 300 சீரிஸ் போர்டு வேணும்னுட்டாங்க. ஐ5 8400ஐ எச்110ல வச்சா ஜம்முனு உக்காந்துக்கும், ஆனா சிஸ்டம் ஆன் ஆகாது. பயாஸை, அதாவது சிஸ்டம் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேரை நோண்டி ஓட வைக்கிற வீராதி வீரனுங்க இருக்காங்கதான், அவங்கள விடுங்க. எச்110 காரனுக்கு நேர்மையான பதில், இதுல 7க்கு மேல ஏறாது, போர்டையும் சேர்த்து மாத்தணும்ங்கறதுதான்.

ஏஎம்டி பக்கம் கதை அப்படியே தலைகீழ். 2017ல வாங்கின பி350 போர்டுல ரைசன் 5 1600 போட்டு வச்சிருக்கறவன் வந்து கேட்டா "பழைய போர்டு, தூக்கிப் போடு"ன்னு சொல்ற கடைங்க இருக்கு. ஏன்ணே தூக்கிப் போடணும்? ஆரம்பத்துல மாட்டேன்னு அடம் பிடிச்ச ஏஎம்டியே 2022ல பி350 மாதிரி தன்னோட 300 சீரிஸ் போர்டுக்கும் ரைசன் 5000 சீரிஸைத் திறந்து விட்டுடுச்சு, அதே போர்டுல ரைசன் 5 5600 ஓடும். ஆனா புது வெர்ஷன் பயாஸை முதல்ல ஏத்தணும், அதுவும் பழைய பிராசஸர் போர்டுல இருக்கும்போதே ஏத்தணும். நீங்க என்ன பண்றீங்க, எக்ஸ்சேஞ்சுன்னு பழசை வாங்கி டிராயர்ல போட்டுட்டு புது டப்பாவை கையில குடுத்து அனுப்பிடறீங்க. அவன் வீட்டுக்குப் போய் மாட்டினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல நோ சிக்னல். சில போர்டுல பென்டிரைவை சொருகி ஒரு பட்டனை அமுக்கினா பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏறும், ஆனா பழைய பி350ல அந்த பட்டனை எதிர்பார்க்காதீங்க. திரும்ப உங்ககிட்ட ஓடி வந்தா "சீல் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது".

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். ரைசன் 3 3200ஜி வச்சு கிராபிக்ஸ் கார்டே இல்லாம ஓட்டிக்கிட்டு இருக்கறவனுக்கு 5600ஐ வித்துடறது. 5600ல மானிட்டருக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸே கிடையாது, 5600ஜிலதான் இருக்கு, இன்டெல்ல கடைசியில எஃப் போட்டதுக்கும் இதே கதைதான். கார்டு இருக்கா தம்பின்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

சரி, கேக்க வந்ததுக்கு வர்றேன். பிராசஸர் கேட்டு யார் வந்தாலும் போர்டு மாடலைக் கேளுங்க. தெரியலன்னா ஸ்டார்ட்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு அடிச்சுப் பாத்து போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க, போர்டு பேரு, பயாஸ் வெர்ஷன் ரெண்டும் அதுல இருக்கு. போர்டு கம்பெனி சைட்டுல சிபியு சப்போர்ட் லிஸ்ட்டுன்னு ஒன்னு இருக்கும், எந்த பிராசஸருக்கு எந்த வெர்ஷன்ல இருந்து சப்போர்ட்னு அதுலயே போட்டிருப்பான், போர்டுல ஓரமா அச்சடிச்சிருக்கற ரிவிஷன் நம்பரையும் சேர்த்துப் பாத்துடுங்க. பழைய போர்டு பலதுல பயாஸ் சிப்பு 16 எம்பிதான், புது பிராசஸருக்கு இடம் பண்ண சில பழைய பிராசஸரோட சப்போர்ட்டை கழட்டி விட்டுடறாங்க, அதனால எல்லா வெர்ஷனும் எல்லாத்துக்கும் ஒத்து வராது.

பயாஸ் ஏத்துறதை சும்மா செய்யச் சொல்லல. கேபினட்டைத் தூக்கிட்டு வரச் சொல்லி, யுபிஎஸ்ல போட்டு ஏத்திக் குடுங்க, அதுக்குத் தனியா காசு வாங்கிக்கோங்க, யாரு வேணாம்னா? பில்லுல பிராசஸர் பேருக்குக் கீழயே போர்டு மாடலையும் பயாஸ் வெர்ஷனையும் எழுதி, செக் பண்ணியாச்சுன்னு ஒரு சீல் அடிச்சுடுங்க. அதுக்கப்புறம் ரிட்டர்ன் கிடையாதுன்னு எவ்ளோ பெருசா போர்டு மாட்டினாலும் நாங்க வாயே திறக்க மாட்டோம்.