உன் மேசை மேல் இருக்கும் கல்

அன்புள்ள வசந்தி,

கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனவள் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நீ கோபமாக இருப்பதாக லலிதா சொன்னாள். கோபம் நியாயம்தான். எனக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. மாடி ஒழுகல் இன்னும் தீரவில்லை. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

பொங்கல் விடுமுறைக்குப் பேரன் கதிர் வந்திருந்தான். 11 வயதாகிறது. இங்கிலாந்தில் சோமர்செட் கடற்கரையில் அவன் வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் அப்பாவும் 2020-இல் எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்த கதையை எங்கோ படித்துவிட்டு, அதே பேச்சாக இருந்தான். அதே கரையோரத்தில் 2016-இல் இன்னொருவர் எடுத்து வைத்திருந்த தாடை எலும்போடு அது ஒத்துப்போயிற்றாம். அந்தப் பழங்காலக் கடல் ஊர்வனவுக்கு 2024-இல் இக்தியோடைட்டன் என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய 25 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்று கணக்கு. தொழில்முறை ஆய்வாளர் யாரும் தேடிப் போய் எடுத்ததல்ல, வசந்தி. ஆர்வத்தில் கடற்கரையில் குனிந்து பார்த்தவர்கள் எடுத்தது.

சரி என்று அவனைப் பெரம்பலூர்ப் பக்கம் காரைக் கிராமத்துப் பள்ளங்களுக்குக் கூட்டிப்போனேன். 1983-இல் நம் வாத்தியார் குடை சாரோடு சுற்றுலா வந்து நாம் பார்த்ததைவிடப் பள்ளங்கள் ஆழமாகிவிட்டன. ஜிப்சத் தகடுகள் அன்றுபோலவே வெயிலில் கண்ணாடிச் சில்லாக மின்னுகின்றன. காலடியெல்லாம் தோட்டா தோட்டாவாகக் கல்லாகிப்போன பெலம்னைட்டுகள். கணவாய்க்கு உறவுமுறை என்று சொன்னதும் பை நிறையப் பொறுக்கிக்கொண்டான். ஒரு மணி நேரம் நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் பிசகு.

வீட்டுக்கு வந்து பையை முற்றத்தில் கொட்டினான். தோட்டாக்களுக்கு நடுவே நான்கு வட்டக் கற்கள். பெரியது குறுக்கே 7 செ.மீ.; கனம் 3 செ.மீ.கூட இல்லை. இரண்டு முகமும் நடுவில் குழிந்து, இரண்டு பணியாரக் குழிகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்ததுபோல் இருந்தன. ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே இட்லியைப் பிட்டால் தெரிகிற கண்கள்போலப் பொடிப்பொடியாகத் துளைகள். கல்லுக்கு ஏது அந்தக் கண்? நுனி நாக்கில் வைத்தேன், ஒட்டியது. களிமண்ணும் ஒட்டும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. ஆனால் அந்தத் துளைகளைப் பார்த்ததும் எலும்புதான் என்று தெரிந்துவிட்டது.

அன்றிரவு தூக்கமில்லை. முள்ளெலும்பு என்பது தெளிவு. யாருடையது? சுறாவுக்கும் இப்படி இருபக்கமும் குழிந்திருக்கும். ஆனால் பக்கவாட்டில் கீற்றுக் கீற்றாகப் பிளவுகள் ஓடும். இவற்றில் இல்லை. பிளிசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவாக இருந்தால் முகம் இவ்வளவு குழியாது. அடிப்புறத்தில் இரண்டு சிறு துளைகளும் இருக்கும். அதுவும் இல்லை. பக்கவாட்டில் விலா எலும்பு வந்து பொருந்தும் மேடுகள் மட்டும் இருக்கின்றன: மூன்றில் பக்கத்துக்கு இரண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று. அப்படியானால் மூன்றும் உடலைச் சேர்ந்தவை, ஒன்று வால். இக்தியோசார், வசந்தி! கதிர் படித்த இக்தியோடைட்டனின் கூட்டம். மீன்போல உடல், ஆனால் மீனல்ல. மூச்சுவிட நீருக்கு மேலே வந்து, குட்டி போட்டு வாழ்ந்த ஊர்வன. டைனோசார்கள் அழிவதற்கு ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட இனம். நம் பள்ளத்தில்!

புதிதொன்றும் இல்லைதான். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு சிவில் சர்வீஸ் அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் பொறுக்கி அனுப்பிய சிப்பிகளால்தான் நம் பக்கத்துப் பாறைகளே வெளியில் தெரிய வந்தன. 1879-இல் லிடெக்கர் என்ற ஆய்வாளர் இந்தப் பகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்து இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரும் வைத்தார். ஆனால் முள்ளெலும்பு வட்டை மட்டும் பார்த்து எந்த இனம் என்று சொல்ல முடியாது என்பதால் அந்தப் பெயரை இன்று யாரும் உறுதியாகக் கொள்வதில்லை. பல்லும் மண்டையோடும் வேண்டும்.

அதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. உடலும் வாலுமாக நான்கு வட்டுகள் ஒரே இடத்தில் கிடந்திருந்தால் மிச்சமும் அங்கேயே இருக்கலாம் அல்லவா? எந்த இடம் என்று கதிருக்குத் தெரியவில்லை. "பள்ளத்தில், பாட்டி" என்கிறான். மறுநாள் போய் மாலை வரை தேடினோம். எல்லாப் பள்ளமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அழுதுவிட்டான். நானும்தான். எலும்பு கிடந்த அடுக்கு தெரியாவிட்டால் அதன் காலமும் தெரியாது. கல்லமேட்டு எலும்புகளை நினைத்துக்கொள். 1987-இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்த டைனோசாரின் அத்தனை பெரிய எலும்புகளும் பிறகு நொறுங்கித் தூளாகிவிட்டன. இன்று படங்களை வைத்துத்தான் விவாதிக்கிறார்கள். 2020-இல் குன்னத்தில் டைனோசார் முட்டை என்று ஊரே கூடியதே, அவை அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரின் படிவங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் நேரில் பார்த்த பிறகுதானே தெளிவாயிற்று? பொருள் கையில் இருக்க வேண்டும், இடமும் தெரிய வேண்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்தச் சுற்றுலாவில் நீ ஒரு வட்டக் கல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாய். குடை சார்கூட "கல்யாணச் சீர் ஆயிற்றா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு வந்தபோது உன் வீட்டு மேசையில் மின்கட்டண ரசீதுகளின் மேல் அது உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று எனக்குப் புத்தியில் படவில்லை. அதன் இரண்டு முகமும் குழிந்திருக்கிறதா? பக்கவாட்டில் மேடு ஒன்றா, இரண்டா? நான்கு வட்டுகளின் வெளிக்கோட்டையும் தனித்தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உன் கல்லை அதன் மேல் வைத்துப் பார். கழுவாதே, தேய்க்காதே, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிவிடாதே; உன் கை சும்மா இருக்காது.

அதைவிட முக்கியம் உன் நோட்டு. கிணற்றிலிருந்து இத்தனை தப்படி, எந்தத் திசை, என்ன நிற மண் என்று குடை சார் சொல்லச் சொல்ல வரி விடாமல் எழுதினவள் நீ ஒருத்திதான். நானும் லலிதாவும் மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். கறையான் அரிக்காமல் அந்த நோட்டு இருந்தால், நீ நடந்த வழியில் கதிரையும் கூட்டிக்கொண்டு முதல் அடியிலிருந்து நடக்கப்போகிறேன். எங்கள் நான்கையும் வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுவதென்று முடிவாகிவிட்டது. கதிருக்கு மனமில்லாமல் இருந்தது; பிறகு அவனே துணியில் சுற்றி, எடுத்த தேதி எழுதி, இடம் என்பதற்கு நேரே கோடிட்டு விட்டிருக்கிறான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். கல்லும் நோட்டும் அப்போது உன் மடியில் இருக்க வேண்டும்.

உன்
சரோஜா