ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் குளிப்பாட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. முந்தின நாள் சாயங்காலம் எந்த ஊரில் போய்ப் பார்த்தாலும் வாட்டர் சர்வீஸ் வாசலிலிருந்து தெருமுனை வரை கார்கள் நிற்கும். மேலே கழுவி முடித்ததும் அங்கே வேலை பார்க்கும் பையன் பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்பான்: "சார், எஞ்சினுக்கும் தண்ணி அடிச்சு டீசல் ஸ்ப்ரே விட்டுடவா? பளபளன்னு இருக்கும்." வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று தலையாட்டிவிடுகிறோம். அந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதே வேலையை வீட்டில் ஒரு மணி நேரத்தில் எப்படிச் செய்வது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பிஎஸ்ஐ சொச்சம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சின்ன பிரஷர் வாஷரே 1,400 பிஎஸ்ஐயைத் தாண்டும். எஞ்சின் ரூமில் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் ரப்பர் வாஷர் இருப்பது உண்மைதான். ஆனால் அது மழைச் சாரலையும் சாலையில் தெறிக்கும் தண்ணீரையும் தாங்குவதற்கு வைத்தது. அரை அடி தூரத்திலிருந்து பீய்ச்சும் தண்ணீருக்கு அது வழிவிட்டுவிடும். உள்ளே போன ஈரம் அன்றைக்கே தொல்லை தராமலும் போகலாம். கப்ளர் பின்கள் மெல்லப் பச்சை பூத்து, ஒரு மாதம் கழித்துக் காரணமே தெரியாமல் எச்சரிக்கை விளக்கு எரியும். பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கும். காயிலிலிருந்து வரும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும். வண்டி குலுங்கும், இழுக்காது. பூஜைக்கு மறுநாள் பட்டறைக்கு வருகிற "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு" வண்டிகளில் இது வழக்கமான ஒன்று.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இன்னொரு பலிகடா. சூடு வெளியேறுவதற்காக அதன் உடம்பு முழுக்கத் திறப்புகள் இருக்கும். உள்ளே கார்பன் பிரஷ், டயோடு, பேரிங். தண்ணீரோடு கிரீஸ் கரைப்பானும் உள்ளே போனால் முதலில் பேரிங் சத்தம் போடும், பிறகு சார்ஜ் ஏறாது.

டீசல் ஸ்ப்ரே இதைவிட மோசம். ரேடியேட்டர் ஹோஸ்களின் ரப்பர், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைத் தாங்குமே தவிர டீசலையும் மண்ணெண்ணெயையும் தாங்காது. அடிக்கடி பட்டால் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். எஞ்சினைத் தாங்கி நிற்கும் மவுன்டிங் ரப்பருக்கும் அதே கதிதான். பெல்ட்டில் பட்டால் வழுக்கிக் கீச்சிடும். பளபளப்பாவது நிற்குமா என்றால் அதுவும் இல்லை. அந்த எண்ணெய்ப் பூச்சில் ஒரே வாரத்தில் புழுதி அப்பிக்கொண்டு முன்னைவிடக் கறுப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலே, டீசலோ மண்ணெண்ணெயோ அடித்து அது ஆவியாகிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு முன்னால்தான் பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றுகிறோம். இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் கட்டாயம். சில கார்களில் இக்னிஷன் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், ஆகவே ஃபேன் பக்கம் விரலை விடவே வேண்டாம். தேவையான பொருட்கள் அதிகமில்லை: ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, கொஞ்சம் பனியன் வேஸ்ட், அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டில், கிரீஸ் கரைப்பான், பிளாஸ்டிக் பைகள், ரப்பர் பேண்டு, அரை வாளி தண்ணீர். பெயின்ட் பிரஷ்ஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அந்தத் தகரம் பேட்டரியின் பாசிட்டிவ் முனையையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறக்கும்.

முதலில் ஈரமே கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் புழுதியைத் தட்டி எடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் அது சேறாகி இடுக்குகளில் இறங்கும். வைப்பர் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஜாலியில் அதிக நேரம் செலவழியுங்கள். வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ நிறுத்தும் வண்டியில் அங்கே ஒரு கூடைச் சருகு இருக்கும். ஜாலியின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் தண்ணீர், ஏசி புளோயர் காற்று இழுக்கும் வழியாக உள்ளே வந்து முன் சீட்டுக் காலடியை நனைக்கும். கார்ப்பெட் நாறும்போதுதான் நமக்கே தெரியவரும். சருகை எடுத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிந்தால் துளை சரியாக இருக்கிறது.

எலி தங்கிய தடம், அதாவது புழுக்கை, பஞ்சு, கடித்த ஒயர் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த பிரஷ்ஷோ காற்று ஊதும் புளோயரோ அங்கே கூடாது. எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பிளீச்சிங் கரைசலால் நனைத்துப் பத்து நிமிடம் விட்டு, காகிதத்தால் வழித்து எடுத்துப் பையில் கட்டி எறியுங்கள். பிளீச்சிங் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்து மூடுவது. ஆல்டர்னேட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய்க்கு ஒரு துணி. காயில்களும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்டியும் வெளியே தெரிந்தால் அவற்றுக்கும் பை. ஃபியூஸ் பாக்ஸ் மூடி எல்லாக் கிளிப்பிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தால் போதும். எத்தனை பை, எத்தனை துணி உள்ளே போனது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இது வேடிக்கை இல்லை. மறந்துபோன ஒரு துண்டுத் துணி, எஞ்சின் புகை சைலன்சருக்குப் போகும் சூடான குழாயான மேனிஃபோல்டில் கிடந்தால் பத்து கிலோமீட்டருக்குள் புகைய ஆரம்பிக்கும்.

கரைப்பானின் அளவுதான் முக்கியம். பிளாஸ்டிக் கவர், ஹோஸ் போன்றவற்றுக்கு 450 மில்லி தண்ணீரில் 50 மில்லி போதும். எண்ணெய் கசிந்து அட்டையாக ஒட்டியிருக்கும் இடத்துக்கு 400 மில்லி தண்ணீரில் 100 மில்லி. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எஞ்சின் மேல் நேராக அடிக்காமல் பிரஷ்ஷின் மேல் அடித்துத் தேயுங்கள். மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் இரண்டு கை அகல இடம் மட்டும். இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும், காய விடக்கூடாது. பிழிந்த ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். இந்தக் கரைப்பான்களில் பெரும்பாலானவை காரத்தன்மை உள்ளவை. அலுமினியத்தில் காய்ந்துவிட்டால் வெள்ளைத் திட்டு விழும், அது பிறகு போகாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் பிரஷ்ஷைத் தகடு போகும் திசையில் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பலர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். பூ கரைந்துவிடும், ஆனால் அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் அடித்தட்டில் இறங்கி இரும்பைத் தின்னும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து, பல் பிரஷ்ஷால் தொட்டுத் தேயுங்கள். நுரைப்பது நிற்கும்வரை தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா செல்லுக்குள் போகக் கூடாது. கழற்றித் துடைப்பதாக இருந்தால் முதலில் நெகட்டிவ். பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பானர். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். பிறகு மெல்லிய வாசலின் பூச்சு. கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் அழிந்திருக்கும்.

முடிந்ததும் பைகளை எண்ணி எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். மினுமினுப்புக்கு எதையாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் நீர் சேர்ந்த மினுமினுப்புப் பூச்சை (டிரெஸ்ஸிங்) துணியில் தொட்டுப் பிளாஸ்டிக் கவரில் மட்டும் தடவுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரே பெல்ட் பக்கமே போகக்கூடாது.

மின்சாரக் காரும் ஹைப்ரிட்டும் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் இடத்தில் கையே வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் மூடியைக் காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

எஞ்சினைச் சுத்தமாக வைப்பதன் உண்மையான பலன் அன்று ராத்திரிதான் தெரியும். தங்கள் நாளிதழின் நான்கு தாள்களை விரித்து எஞ்சினுக்கு அடியில் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கறுப்போ பழுப்போ என்றால் எஞ்சின் ஆயில். பச்சை அல்லது ரோஸ் நிறம் என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலை இல்லை. சக்கரத்தை ஒட்டி, லேசான மஞ்சளில், தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயில்; வண்டியை எடுக்கவே கூடாது, மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும். அழுக்கு அப்பிய எஞ்சினில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று அனுபவசாலிக்கும் தெரியாது. துடைத்த எஞ்சினில் ஒரே நாளில் தெரியும்.

வெளிப்புறம் பற்றி ஊருக்கே தெரியும் என்பதால் சுருக்கமாக. ஹோஸ் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். அரை மணி நேரம் என்றால் 300 லிட்டர். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டதையும் நாம் மறக்கவில்லை. 15 லிட்டர் வாளி இரண்டு போதும்: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். நிழலில், கூரையிலிருந்து கீழாக, நேர்கோட்டில். சக்கரத்துக்கு வேறு துணி. துணி துவைக்கும் பவுடர் மெழுகுப் பூச்சை உரித்துவிடும். போர் தண்ணீர் என்றால் காய்வதற்கு முன் துடைத்துவிடுங்கள். உப்புப் புள்ளி விழுந்துவிட்டால் சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் ஒரு நிமிடம் ஒற்றிக் கழுவுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடுக்குமாடிகளில் தினமும் விடிகாலையில் ஒரே வாளி, ஒரே துணியில் பத்துக் கார்களைத் துடைக்கிறார்கள். பெயின்ட்டுக்கு மேலே உள்ள கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. முதல் காரின் மண் பத்தாவது காரின் மேல் கோடாக விழுகிறது. கறுப்புக் காரை வெயிலில் பார்த்தால் தெரியும் சிலந்திவலைக் கீறல் இப்படி வந்ததுதான். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் காருக்கு இவ்வளவு என்றுதானே பேசுகிறோம்? அவருக்கு உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு தடவை, முதலில் புழுதி போகத் தண்ணீர் ஊற்றிவிட்டு என்று சொல்லுங்கள். தையல் விளிம்பு உள்ள பனியன் வேஸ்ட் எஞ்சினோடு நிற்கட்டும்.

பூஜையன்று சந்தனம், குங்குமத்தைப் பெயின்ட்டில் வைக்காமல் கண்ணாடியில், ஓட்டுபவர் பார்வை மறைக்காத மூலையில் வையுங்கள். கண்ணாடி சாயத்தை இழுக்காது. வெள்ளைக் காரில் மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுக்கும், குங்குமச் சாயம் அப்படிப் போகாது. அன்று சாயங்காலமே ஷாம்பு தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். வாழைக்கன்றை முன்னால் கட்டுவதற்கு முன் வெட்டிய முனையை பாலித்தீன் பையால் சுற்றிவிட்டால் கறை சொட்டாது. மாலையைக் கம்பியால் கட்டாமல் வாழைநாரால் கட்டுங்கள். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சையின் சாறு அலாய் வீலில் தெறித்திருக்கும். கோயிலைச் சுற்றி வந்ததும் நாலு சக்கரத்துக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
ஈரோடு.