கல்லிலிருந்த இலையைத் துணிக்குக் கொண்டுவந்த கைகளுக்கு நன்றி

சத்தியவேடு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டைப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் மூங்கில் எழுதுகோலால் வரைந்த ஒன்பது கஜக் கலம்காரித் துணியைப் பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டது போன மாதம். நீங்களெல்லாம் குடும்பத்தோடு வந்து பார்த்தீர்கள். அன்றைக்கு மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒருவர் பாக்கியில்லாமல் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் கிணறு வெட்டும் நைனா. எங்கள் கொல்லைக் கிணற்றை ஆழப்படுத்தும்போது வெளுத்த சாம்பல் நிறத்தில், ஏடு ஏடாகப் பிரியும் கல் வந்தது. அள்ளி மேட்டில் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் ஒரு சில்லைத் துண்டு முனையால் துடைத்து, "டீச்சரம்மா, உள்ளே யாரோ ஈச்சங்கீத்து வரஞ்சு வெச்சிருக்காங்க பாருங்க" என்று கூப்பிட்டீர்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகச் சிற்றிலைகள். ஒரு பக்கம் இருபத்து மூன்று எண்ணினேன், மறுபக்கம் பாதியில் உடைந்திருந்தது. இலை மட்டும் துரு நிறம். நகத்தால் மெல்லத் தடவினால் நரம்பு தட்டுப்பட்டது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்து, நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்த நிலவியல் பேராசிரியர் ஐயா. ஓய்வு பெற்ற வயதில், வெயிலில், எங்களுக்காக மூன்று முறை வந்தார். அது ஈச்சை இல்லை, டிலோஃபில்லம் என்ற செடியின் இலை என்று அவர்தான் சொன்னார். பார்வைக்கு ஈச்சை போலவும், சைகஸ் என்ற அலங்காரச் செடி போலவும் இருந்தாலும் அது தனிக் கூட்டம். அந்தக் கூட்டம் முழுக்க அழிந்துவிட்டது. நம் காலடியில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர் படிவு, அதன் மேல் கிடக்கும் கூழாங்கல்லும் மணற்கல்லும் சத்தியவேடு படிவு. நம் ஊர்ப் பெயரை ஒரு பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டுமே டைனோசர்கள் வாழ்ந்த தொடக்க கிரெட்டேசியஸ் காலத்தவை, 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. பூண்டிப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய கற்கோடரிகள் கிடைத்தனவே, அவற்றைச் செய்தவர்களுக்குக் கல் கொடுத்ததும் அல்லிக்குழி மலையிலுள்ள இந்தக் கூழாங்கல் அடுக்குதான் என்று ஐயா சொன்னபோது பிள்ளைகள் எழுந்து நின்றே கேட்டார்கள்.

ஐயா ஒரு பழக்கத்தையும் விட்டுவிட்டுப் போனார். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதி என்று எழுதிய பிறகுதான் கல்லைக் கையில் எடுத்து வரைய வேண்டும். இன்றைக்கும் எங்கள் வகுப்பில் அப்படித்தான்.

வரைவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போட்டோ எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு நாள் அதே கல்லை வரைந்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், "மிஸ், இலையெல்லாம் காம்போட ஓரத்துல ஒட்டல, காம்பு மேலேயே ஏறி உக்காந்திருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. ஐயா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, டிலோஃபில்லத்துக்கு அதுவே முக்கிய அடையாளம் என்றார். புத்தகம் சொல்வதற்கு முன்னால் அவள் கை கண்டுபிடித்துவிட்டது. கல்லூரிக் கல்வியே இல்லாத மேரி ஆனிங் இங்கிலாந்துக் கடற்கரைப் பாறைகளில் கடல் ஊர்வனவற்றின் எலும்புகளைத் தோண்டி எடுத்த கதையைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னது அன்றுதான். அவருடைய தோழி எலிசபெத் பில்போட், கணவாய் இனத்துப் புதைபடிவத்தில் உலர்ந்து கிடந்த மையைத் தண்ணீரில் குழைத்து, அதே காலத்து உயிர்களின் படத்தை அதனாலேயே வரைந்தார். "நம்ம கல்லுல மை இருக்கா மிஸ்?" என்று உடனே கேட்டார்கள். மை இல்லை, இரும்பு இருக்கிறது என்றேன். கலம்காரி யோசனை அந்தப் பதிலில்தான் பிறந்தது. கலம்காரியின் கறுப்பும் இரும்பிலிருந்துதானே வருகிறது!

கலம்காரி சொல்லிக்கொடுத்த காளஹஸ்தி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வேன்? தமிழ் சரியாக வராது, எங்கள் பிள்ளைகள் சிலருக்குத் தெலுங்கு சரியாக வராது, அதனால் ஒரு வேலையும் நிற்கவில்லை. துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் தண்ணீரோடு பானையில் போட்டு வாய் கட்டி, இருபது நாள் திறக்கக் கூடாது என்றார். புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி முதல் கோடு போடச் சொன்னார். பிறகு கலம் என்கிற மூங்கில் எழுதுகோலில் கம்பளி நூல் சுற்றி, அந்தக் கரைசலில் தோய்த்துத் துணியில் வைத்தார். கோடு தண்ணீர் மாதிரி வெளிறித்தான் விழுந்தது. பிள்ளைகள் முகம் சுருங்கியது. மூச்சுவிடும் நேரத்தில் அது பழுப்பானது, அப்புறம் கறுத்தது. துணியில் ஊறியிருந்த கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. "மெல்லகா, மெல்லகா" என்று ஒவ்வொரு கையையும் பிடித்து ஓட்டினார்.

முதல் துணி வீணானது. துணியைக் கடுக்காயோடு ஊறவைக்கும் பாலை மிச்சம் பிடித்துவிட்டேன். பாலின் கொழுப்பு போதாமல் மை பரவி, சிற்றிலைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்பட்டையாகிவிட்டன. இரண்டு வார உழைப்பு, பிள்ளைகள் அழுதார்கள். மறுநாள் விடியற்காலையில் கேன் நிறைய எருமைப்பால் வாசலில் இருந்தது. பால்கார அண்ணா, நீங்கள் அதற்குக் காசு வாங்கவே இல்லை. கணக்கில் எழுதுங்கள் என்றால், "எழுதியாச்சும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பழைய லாடமும் ஆணியும் தந்த பட்டறைக்காரருக்கும், கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்தே கொடுத்த நாட்டு மருந்துக்கடைப் பெரியவருக்கும், சொர்ணமுகி ஆற்றில் துணி அலசப் போன அன்று ஈரச் சுமையோடு எங்களை ஏற்றிக்கொண்ட கண்டக்டருக்கும் நன்றி. துணியின் கீழ்க்கரையில் ஓடும் மீன்களைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். இந்தப் படிவுகளில் கடல்வாழ் உயிர்களின் சுவடும் உண்டு, இங்கே கடல் வந்து போயிருக்கிறது என்றார் ஐயா. உடனே பிள்ளைகள், நாகலாபுரம் கோயிலில் மச்சாவதாரப் பெருமாள் இருப்பதே கடலுக்காகத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு கதை என்று சொன்னேன். ஆனாலும் மீனை எடுக்க மனம் வரவில்லை.

கடைசியாக, மறுபடியும் நைனா. 1830-இல் ஹென்றி டி லா பீச் என்ற அறிஞர், மேரி ஆனிங் கண்டெடுத்த உயிர்களை வைத்து ஓர் ஓவியம் தீட்டி, அதன் அச்சுப்படிகளை விற்ற பணம் மேரிக்கே போகும்படி செய்தார். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, நம் சிறு துணிகள் விற்ற பணமும் கண்டெடுத்தவருக்குத்தான் என்றார்கள். உண்டியலோடு உங்கள் வீட்டுக்கு வந்தோம். பணத்தைத் தொட மறுத்துவிட்டீர்கள். பேத்தி கல்யாணத்துக்கு அதே கீற்று போட்ட துணி ஒன்று மட்டும் கேட்டீர்கள்.

கறுப்புக் கோடு முடிந்தது நைனா. படிகாரமும் தடவியாகிவிட்டது, சிவப்பு ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அலசிக் காயவைத்து, பிள்ளைகளே கொண்டுவந்து தருவார்கள்.

அன்புடன்,
உங்கள் டிராயிங் டீச்சர்